இன்க்ஸி: நெடுநாள் பழகிய பிறகு

லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு மாறியதிலிருந்து டெர்மினலில் (கட்டளை தட்டும் கறுப்புத் திரையில்) நான் அதிகம் தட்டும் கட்டளைகளில் ஒன்று, கணினிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் இன்க்ஸி (inxi). மின்ட்டில் அது முன்பே இருக்கும். டெபியன், உபுண்டு போன்ற மற்ற லினக்ஸ்களில் ஆப்ட் (apt) என்ற நிறுவும் கட்டளை வழியாகப் போட்டுக்கொள்ளலாம். 2018இல் மூன்றாம் பதிப்புக்காக முழுவதையும் பெர்ல் நிரல்மொழியில் திருப்பி எழுதினார்கள். எல்எஸ்பிசிஐ, டிஎம்ஐடிகோட், சென்சார்ஸ் என்று ஆளுக்கொரு கட்டளை சொல்வதைத் திரட்டி, படிக்கிற மாதிரி அடுக்கித் தருவதுதான் இதன் வேலை. கட்டளைக்குப் பின் பெரிய எஃப் (-F) போட்டால் முழு ஜாதகமும் வந்துவிடும்.

எனக்கு அதிகம் கைகொடுப்பது பெரிய என் (-N), அதாவது நெட்வொர்க் கார்டு விவரம். வைஃபை வரவில்லை என்று யாராவது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் அதைத்தான் தட்டுவேன். கார்டின் பெயர் வந்து, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) என்ற இடத்தில் 'என்/ஏ', அதாவது எதுவும் இல்லை என்று நின்றால், கார்டைச் சந்தேகப்படும் முன் டிரைவரைத் தேடவேண்டும். பிராட்காம் கார்டுகளில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. டிரைவர் ஏறியிருந்தால் அடுத்து சின்ன என் (-n): இணைப்பு உயிரோடு இருக்கிறதா, அறுந்து கிடக்கிறதா, கேபிள் என்றால் என்ன வேகம் என்பதெல்லாம் அதில் வரும்.

ராம் வாங்கும் முன், நிர்வாகி உரிமை தரும் சூடோவைச் சேர்த்து சின்ன எம் (-m). எத்தனை ஸ்லாட், எது காலி, ராம் வகை டிடிஆர்3யா டிடிஆர்4ஆ, எல்லாம் ஸ்குரூவைத் தொடாமலே தெரிந்துவிடும். ஆனால் அதிகபட்சக் கொள்ளளவு என்று காட்டுவதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் மென்பொருள் சொல்வதைத்தான் அதுவும் சொல்கிறது, சில பயாஸ்கள் கூசாமல் பொய் சொல்லும். பழைய லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? பெரிய பி (-B) போட்டு பேட்டரியின் நிலையைப் பாருங்கள். புதிதில் எத்தனை வாட்-மணி, இப்போது எத்தனை என்று சதவீதத்தோடு வரும். விலை பேச உதவும்.

வெளியே யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் சின்ன இசட் (-z) சேர்க்காமல் அனுப்பவே கூடாது. மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்), ஐபி முகவரி, சீரியல் எண்களை அது மறைத்துவிடும். இதற்காகவே ஸ்க்ரீன்ஷாட்டைவிட இது எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. சின்ன எம் என்றால் ராம், பெரிய எம் என்றால் மதர்போர்டு. இன்றைக்கும் கை தடுமாறுகிறது. வானிலை காட்ட ஒரு டபிள்யூ வேறு! அது எதற்கென்றே புரியவில்லை. டெபியனின் நிலைப் பதிப்பான ஸ்டேபிளில் இன்க்ஸியின் பதிப்பு எப்போதும் ஓரிரு அடி பின்தங்கியே இருக்கும், தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியையும் அதில் முடக்கிவைத்திருக்கிறார்கள். புத்தம் புது கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இன்க்ஸியின் மூல நிரல் இருக்கும் கோட்பெர்க் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்வதே நல்லது. ஒரே ஒரு கோப்புதான்.