மேடைப்பேச்சின் முதல் நிமிடத்தைக் கற்றுத்தந்த வகுப்பு

மதுரையில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமாக ஆறு வாரம் நடந்த மேடைப்பேச்சுப் பயிற்சி வகுப்பொன்றை அண்மையில் முடித்தேன். கட்டிய 3,000 ரூபாய்க்கு ஈடாக என்னிடம் தங்கியிருப்பது, பேச்சின் தொடக்கத்தை எழுதும் முறைதான்.

நம் விழாக்களில் தலைவர் முதல் ஒலிபெருக்கி அமைத்தவர் வரை ஒவ்வொருவரையும் விளித்து முடிப்பதற்குள் அவை களைத்துவிடுகிறது. ஆனாலும் எங்கள் பயிற்சியாளர் விளியைக் கைவிடச் சொல்லவில்லை. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் அமெரிக்கர்களைச் சகோதரிகளே, சகோதரர்களே என்று அழைத்ததும் கைதட்டல் எழுந்ததைச் சொல்லி, அடுத்ததாக, மேடையிலிருப்போரையெல்லாம் விளித்தபின் சற்றே நிறுத்தி 'என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே' என்று கலைஞர் அழைக்கும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டி, இரு இடங்களிலும் அந்த ஒரு விளியே பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறது என்று அவர் விளக்கினார். அந்த அரைமணி நேரத்துக்காகவே இன்னொரு முறை சேரலாம்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு நீர்நிலைப் பாதுகாப்பு. 'தண்ணீர் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது' என்று தொடங்கியிருந்தேன். இதை மறுத்துப் பேச அவையில் யாராவது இருப்பார்களா என்று கேட்டு, அவர் அந்த வரியை அடித்துவிட்டார். முதலில் பேச்சின் நடுப்பகுதியை எழுதி முடித்து, அதில் நானே கண்ணால் கண்ட ஒன்றை மேலே கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் முறை எழுதியபோது, 'எங்கள் ஊர்க் கண்மாயின் மடை எங்கே இருக்கிறது என்று காட்ட இன்று ஊரில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்' என்ற வரி கிடைத்தது. அதைச் சொன்னபோது பின்வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

குறையும் உண்டு. எத்தலைப்புக்கும் பொருந்தும் தொடக்கங்கள் என்று குறள்களும் பொன்மொழிகளும் அடங்கிய கையேடு ஒன்றைத் தருகிறார்கள். வகுப்பில் கற்பித்ததற்கு இது நேர்மாறானது. இறுதி வாரத்தில் இருவர் ஒரே குறளோடு தொடங்கியது இதனால்தான். மேடைப்பேச்சுப் பயிற்சிக்கென இயங்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களின் வழக்கப்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என நேரம் காட்டுவது நல்ல பழக்கம் என்றாலும், 22 பேரைச் சேர்த்ததால் ஒருவருக்கு நான்கு நிமிடமே கிடைத்தது. சேர விரும்புவோர், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டவும்.