1,75,000 ரூபாய்க்கு அயர்லாந்து: ஒரு ஏஜென்சியும் ஒரு வீடியோ காலும்

சென்னையில் பையனை ஃபுட்பாலில் விட்டிருக்கும் அப்பா அம்மாக்கள் யாராவது "வெளிநாட்டு டிரையல், ஏஜென்ட் மூலமாக" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏஜென்சியின் பெயரைப் போடப்போவதில்லை, கேஸ் கீஸ் என்று அலைய எனக்கு நேரமில்லை. நடந்தது மட்டும் அப்படியே.

அக்கா பையன், வியாசர்பாடி. வயது 16, லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் தடுத்து ஆடுபவன், இடது கால்காரன், அதனால் எந்த டீமிலும் கிராக்கி. போன மே மாதம் ஒரு டோர்னமென்ட் முடிந்து வெளியே வந்தவனிடம் கோட் போட்ட ஒருவர் விசிட்டிங் கார்டு நீட்டினார். மே மாத வெயிலில், மெட்ராஸில், கோட். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆபீஸ் அண்ணா நகரில். ஏசி அருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சுவரில் ஃபிரேம் போட்ட பச்சை ஜெர்சி ஒன்று, அயர்லாந்து தேசிய அணி வீரர் போட்டு ஆடியதாம். கிட்டே போய்ப் பார்த்தேன், கண்ணாடிக்கு உள்ளே காலர் ஓரத்தில் விலைச் சீட்டு அப்படியே தொங்குகிறது, 699 ரூபாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"சார், இங்கிலாந்து இப்ப கஷ்டம். அயர்லாந்துதான் வழி. டப்ளின்ல நம்ம பார்ட்னர் ஏஜென்ட் இருக்காரு. மூணு மாசத்துல தம்பி கான்ட்ராக்ட்ல இருப்பான்" என்றார் கோட். மொத்தம் 1,75,000, டிக்கெட்டும் விசாவும் தனி, முன்பணம் 40,000. அக்கா வளையலை அடகு வைத்தாள். கடைக்குக் கூடப் போனது நான்தான், அதனால் இந்த ரிவியூவில் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலேயே.

40,000-க்கு என்ன கிடைத்தது? நாலு நிமிட ஹைலைட்ஸ் வீடியோ. டமார் டமார் என்று மியூசிக், தலைக்கு மேல் மஞ்சள் அம்பு, ஸ்லோ மோஷன். பையன் முதல் தடவை பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டாவது கோல் நான் போட்டதில்ல" என்றான். உண்மைதான், வேறொரு பையன், இதே 3-ஆம் நம்பர் சட்டை. அப்புறம் எட்டுப் பக்க இங்கிலீஷ் ஒப்பந்தம் ஒன்று வந்தது. ஏழு வருடத்துக்கு இவர்கள்தான் ஏஜென்ட், வருமானத்தில் 20 சதவீதம், கட்டிய பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது. நல்லவேளை, அக்கா கையெழுத்துப் போடும் முன் என்னிடம் அனுப்பினாள்.

டப்ளினில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் காலேஜ் நண்பனிடம் அந்தப் "பார்ட்னர்" பெயரைச் சொல்லி விசாரித்தேன். அவனுக்கு ஃபுட்பால் தெரியாது, ஆனால் அவன் பொண்ணு ஆடும் கிளப்பின் கோச்சுக்கு வேறொரு ஏஜென்டைத் தெரியும். அயர்லாந்து சின்ன நாடு, ஐம்பது லட்சத்துச் சொச்சம் ஜனம், நம் சென்னையை விடக் குறைவு. விளையாட்டு வட்டாரத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர் இரண்டு போன் தூரம்தான். அந்த ஏஜென்ட் ஒரு சாயங்காலம் பேசச் சம்மதித்தார். அங்கே நாலு மணி, இங்கே எட்டரை.

அவர் கேட்ட முதல் கேள்வி, "பையனோட அம்மா அப்பா பக்கத்துல இருக்காங்களா?" இல்லையென்றால் பேச்சைத் தொடர மாட்டாராம். ஃபிஃபா விதிப்படி மைனர் விஷயத்தில் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஏஜென்ட் அணுகவே கூடாது, அந்தச் சம்மதம் கூட பையன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதுக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் செல்லும். நம்மாள் மைதான வாசலில் கார்டு நீட்டியதை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். 18 வயது முடியாத பையனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்பில் பதிவு செய்யவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலிருந்து விலக்கு உண்டு, வியாசர்பாடி அதில் வராது. பெற்றோர் ஃபுட்பாலுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அங்கே குடிபெயர்ந்தால் இன்னொரு விலக்கு. அக்கா வீட்டுக்காரர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் இருக்கிறார், டப்ளினுக்கு மாற்றல் கிடைக்கும் என்று தோன்றவில்லை. ஆக, "மூணு மாசத்துல கான்ட்ராக்ட்" என்பது ஆரம்பத்திலிருந்தே நடக்க முடியாத ஒன்று. இது தெரியாமல் சொன்னால் அவர் ஏஜென்ட் இல்லை. தெரிந்தே சொன்னால் என்னவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே விதிதான் அயர்லாந்து ஏஜென்ட்களின் தொழிலையும் புரட்டிப் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் ஐரிஷ் பையன் 16 வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்து கிளப்புக்குப் போய்விடுவான், ஏஜென்டுக்கும் பெரிய வேலை இருக்காது. பிரெக்சிட் ஆகி பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும் அந்த 16 வயது விலக்கு போய்விட்டது, 2021 ஜனவரியிலிருந்து 18 முடியாமல் அங்கே போக முடியாது. உடனே இவர்கள் இத்தாலி, ஜெர்மனி பக்கம் ஆள் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். டப்ளின் கிளப்பான ஷாம்ராக் ரோவர்ஸிலிருந்து கெவின் ஸெஃபி என்ற பையன் 2021-இல் இன்டர் மிலானுக்குப் போனது இப்படித்தான். இல்லையென்றால் ஊரிலேயே ஆடவிட்டு மதிப்பை ஏற்றுகிறார்கள். இன்னொரு டப்ளின் கிளப்பான செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெட்டிக்கின் மேசன் மெலியாவை லண்டன் கிளப் டாட்டன்ஹம் 2025 பிப்ரவரியிலேயே பேசி முடித்துவிட்டது, ஆனால் பையன் கிளம்புவது 2026 ஜனவரியில் என்று ஏற்பாடு. அயர்லாந்து லீக்கிலிருந்து போன எவருக்காகவும் அதுவரை எந்த கிளப்பும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை.

ரக்பி எனக்குச் சுத்தமாகப் புரியாது, நண்பன் சொன்னதில் ஒன்று மட்டும் பிடித்தது. தொழில்முறை விளையாட்டுக்காரர் ஓய்வு பெறும்போது, அயர்லாந்தில் இருந்து ஆடிய வருமானத்தில் 40 சதவீதத்துக்குக் கட்டிய வரி, பத்து வருடம் வரைக்கும், திரும்பக் கிடைக்கும். பிரான்சிலிருந்து பெரிய தொகைக்கு அழைப்பு வந்தால் ரக்பிக்காரர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துத்தான் போகலாமா இருக்கலாமா என்று முடிவு செய்வார்களாம். நம் அண்ணா நகர் ஆபீஸில் கால்குலேட்டரை எடுத்தது ஜி.எஸ்.டி. சேர்க்க மட்டும்தான்.

அங்கே எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கோல்ஃப் நட்சத்திரம் ரோரி மெக்கில்ராயே தன் டப்ளின் மேனேஜ்மென்ட் கம்பெனியான ஹொரைசனோடு கோர்ட்டுக்குப் போனவர். 2011 டிசம்பரில், தனக்கென்று வக்கீல் யாரும் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன் என்பது அவர் தரப்பு. 2015 பிப்ரவரியில் சமரசமாக முடிந்தது. அந்த உயரத்தில் இருப்பவருக்கே இப்படி என்றால், எட்டுப் பக்க இங்கிலீஷோடு அக்கா எந்த மூலைக்கு.

அந்த எட்டுப் பக்கத்தைப் பற்றி ஏஜென்ட் சிரித்துக்கொண்டே சொன்னது: ஆட்டக்காரரோடு பிரதிநிதித்துவ ஒப்பந்தம் அதிகபட்சம் இரண்டு வருடம், ஏழெல்லாம் கிடையாது. கமிஷனுக்கு ஃபிஃபா வைத்த வரம்பு, வருடச் சம்பளம் 2 லட்சம் டாலர் வரை 5 சதவீதம், அதற்கு மேல் வரும் தொகைக்கு 3. ஐரோப்பாவில் வழக்குகள் வந்ததால் 2023 டிசம்பரில் ஃபிஃபாவே இதை நிறுத்தி வைத்தது, இருந்தாலும் 20 என்று கேட்டதும் அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முக்கியமாக, ஏஜென்டுக்குக் காசு சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும், டிரையலுக்கு முன்னால் அம்மாவின் வளையலிலிருந்து இல்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று ஃபிஃபா தளத்தில் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும். 20 கேள்வி, ஒரு மணி நேரம், 75 சதவீதம் எடுத்தால்தான் பாஸ், பெரும்பாலும் அப்படி ஒரு பரீட்சை எழுதியவர்கள் பெயர்தான் அங்கே இருக்கும். கோட் போட்டவர் பெயர் இல்லை. கேட்டதற்கு ஏதோ இரண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ் சர்டிஃபிகேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

கடைசியில் அக்கா தயங்கித் தயங்கி, "நீங்க எடுத்துக்குவீங்களா சார்?" என்று கேட்டாள், நான் மொழிபெயர்த்தேன். மாட்டேன் என்றார், சுற்றி வளைக்காமல். இந்த வயதில், இந்த நிலையில், அவரால் இவனுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஹைலைட்ஸைத் தூக்கிப் போடுங்கள், இரண்டு மேட்ச் முழுசாக 90 நிமிடமும் எடுங்கள், கேமரா மைதானத்தின் அகலம் தெரிகிற மாதிரி உயரத்தில் இருக்கட்டும், பந்து இல்லாதபோது லெஃப்ட் பேக் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம் என்றார். சென்னை லீக்கில் சீனியர்களோடு ஆடட்டும், 18 ஆனதும் வீடியோவை அனுப்புங்கள், பார்க்கிறேன். 35 நிமிடம், ஒரு பைசா வாங்கவில்லை. மறுநாள் இதையே மூன்று வரியில் மெயிலாகவும் அனுப்பியிருந்தார்.

ஏஜென்சிக்கு 1 ஸ்டார், அதுவும் ஏசிக்கு. நாலு மாதம் அலைந்ததில் 25,000 திரும்ப வந்தது, மீதி "ப்ராசஸிங்" ஆம். வேண்டாம் என்று சொன்ன மனிதருக்கு 5. ஒரு ஸ்டாரைக் குறைக்கலாம் என்று பார்த்தேன், உச்சரிப்பு பாதி புரியவில்லை, ஆனால் அது என் காதின் பிரச்சினை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கேலரியின் மேல் படியில் மூங்கில் கம்பில் போனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். இரண்டாவது பாதியில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. நல்ல பவர் பேங்க் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.