விசிலா, அலாரமா, பெப்பர் ஸ்பிரேயா: பையில் கடைசியில் தங்கியது எது?

பயணத்தில் தற்காப்புக்கென்று வைத்துக்கொண்ட இந்த மூன்றையும் ஒரே நாளில் வாங்கவில்லை. முதலில் பெப்பர் ஸ்பிரே, அப்புறம் ஊசியை உருவினால் அலறுகிற அலாரம், கடைசியில்தான் விசில். சாமான் வாங்கும் பைத்தியம் பிடித்தவர்கள் சின்னதில் தொடங்கிப் பெரியதில் போய் நிற்பார்கள்; எனக்கு அது தலைகீழாக நடந்தது. இன்று என் முதுகுப்பையின் தோள்பட்டையில் தொங்குவது விசில். அலாரம் கூடாரத்தோடு சுருண்டு கிடக்கிறது, ஆனால் எதற்காக வாங்கினேனோ அந்த வேலைக்காக அல்ல. ஸ்பிரேயை விட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். எடை குறைந்தது விசில். விடாமல் கத்துவது அலாரம். எதிரில் வருகிற ஆளை உண்மையிலேயே தடுக்கக்கூடியது ஸ்பிரே மட்டும்தான். மற்ற இரண்டும் ஆள் கூப்பிடுகிற சாமான்கள். "அப்படியென்றால் ஸ்பிரேதானே சரி?" என்று நானும்தான் நினைத்தேன்.

பேரில்தான் பெப்பர், உள்ளே இருப்பது மிளகாய்ச் சாறு. மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசினைப் பிசினாக எடுத்து, அழுத்திய வாயுவோடு டப்பாவில் அடைத்திருப்பார்கள். சாதாரணக் கைக்கடக்க டப்பா மூன்று மீட்டர் தூரம் பாயும். வாங்கிய வாரமே ஆளில்லாத வெட்டவெளியில் நின்று ஒருமுறை அடித்துப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் அடித்தேன். காற்றுக்கு அது தெரியவில்லை. பாதி வழியில் திரும்பி வந்த ஒரு மெல்லிய படலம் போதுமானதாக இருந்தது. அரை மணி நேரம் இருமலும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்தேன். வெறும் தண்ணீரில் கழுவக் கழுவ எரிச்சல் பரவியதே தவிர அடங்கவில்லை. கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது; சோப்பு வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இது கொஞ்சம் கடுமையான வழி. காற்றில் அவ்வளவாகக் கலையாத ஜெல் வகையும் இருக்கிறது. அதை நான் பயன்படுத்தியதில்லை, அதனால் இந்தக் குறையை எல்லா ஸ்பிரேக்கும் பொதுவாகச் சுமத்த மாட்டேன்.

நான் விட்டதற்குக் காரணம் அந்த அரை மணி நேரமும் அல்ல. டப்பாவின் அடியில் ஒரு தேதி அச்சிட்டிருந்தது. மருந்துபோல இதற்கும் ஆயுள் உண்டு, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வருடம். மிளகாய் கெட்டுப்போவதால் அல்ல. மூடியின் அடைப்பு வழியாக வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அழுத்தம் குறைவதால். அழுத்தம் குறைந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அமுக்கினால்தான் தெரியும். அதுவும் 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். எல்லை தாண்டுகிற பயணம் என்றால் ஒவ்வொரு முறையும் சட்டம் படிக்க வேண்டும்.

கரடிகள் நடமாடுகிற காட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கொண்டுபோவது வேறு சாமான், கரடிக்கென்றே இருக்கிற ஸ்பிரே; பெரிய டப்பா, எட்டு ஒன்பது மீட்டர் பாயும். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை வைத்து 2008இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகள் மீது அடித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் கரடி செய்துகொண்டிருந்ததை நிறுத்தியிருக்கிறது. அந்தக் காட்டுக்குப் போகிறவர் விசிலை நம்பிப் போகக் கூடாது. நான் கரடிக் காட்டில் தங்கியதில்லை. இதற்கு மேல் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

அடுத்தது அலாரம். தீப்பெட்டி அளவில் இருக்கும். ஊசியை உருவினால் காது கிழியும், திரும்பச் செருகினால்தான் நிற்கும். அட்டையில் 120, 130 டெசிபல் என்று பெரிதாகப் போட்டிருக்கும். எத்தனை தூரத்தில் அளந்தார்கள் என்று பெரும்பாலும் போட்டிருக்காது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 120 என்றால் 10 மீட்டரில் 100, 100 மீட்டரில் 80. மரமும் மேடும் எதிர்க்காற்றும் அதிலிருந்து இன்னும் பிடித்துக்கொள்ளும். அதனால் அட்டையில் இருக்கும் ஐந்து பத்து டெசிபல் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல விசிலை நன்றாக ஊதினால் அதுவும் ஏறக்குறைய இதே அளவுக்கு வரும்.

இரண்டு மழைக்காலம் அலாரம் என் பையின் பக்கவாட்டு அறையில் கிடந்தது. மூன்றாவது வருடம் ஒரு பயணத்துக்கு முந்தைய இரவு, சும்மா பார்ப்போமே என்று ஊசியை உருவினேன். சத்தம் இல்லை. திருகைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த பட்டன் பேட்டரிகளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வெகுநாள் கிடந்தால் அது ஓரம் வழியாகக் கசிந்து, தொடுகிற உலோகத்தை எல்லாம் அரிக்கும். புது பேட்டரி போட்டும் பிழைக்கவில்லை, தகடே போய்விட்டிருந்தது. அந்த இரண்டு வருடமும் எனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு செத்த பிளாஸ்டிக் துண்டைச் சுமந்திருக்கிறேன். எந்த நாளில் அது செத்தது என்றுகூடத் தெரியாது.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த இரவுதான். பாத்திரமோ அடுப்போ தினமும் கைக்கு வரும். பழுதானால் அன்றைக்கே தெரிந்துவிடும். தற்காப்புச் சாமான் அப்படி அல்ல. நல்லபடியாகப் போனால் ஆயுள் முழுக்க அதைத் தொடவே மாட்டோம். தொடாத பொருளை யாரும் பராமரிப்பதில்லை. அதனால் "எது பலமானது" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். இரண்டு வருடம் வெயிலும் மழையும் வியர்வையும் பட்டு, யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த பிறகு எடுத்தால் எது வேலை செய்யும்? ஸ்பிரேக்குத் தேதி பார்க்க வேண்டும், அலாரத்துக்குப் பேட்டரி மாற்ற வேண்டும், ரீசார்ஜ் வகை என்றால் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒழுங்கானவர்கள் மாதம் ஒருமுறை சோதிப்பார்கள். நான் ஒழுங்கானவன் இல்லை. உங்களில் எத்தனை பேர் டார்ச் லைட்டைத் திறந்து, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கிறீர்கள்?

விசிலுக்கு இந்தக் கவலை ஒன்றும் கிடையாது. ஆனால் எந்த விசில் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே உருண்டை ஓடுகிற பழைய வகையில் அந்த உருண்டைதான் பலவீனம்: மணல் புகுந்தால் சிக்கும், எச்சில் குளிரில் உறைந்தால் ஒட்டிக்கொள்ளும், நனைந்தால் மந்தமாகும். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்டுக்கு ஒரு முக்கியமான ஆட்டத்தில் உருண்டை சிக்கி, ஊதியும் சத்தம் வராமல் போனது. அந்த அவமானத்தில்தான் உருண்டையே இல்லாத விசிலை உருவாக்க வைத்தார். ஃபாக்ஸ் 40 என்ற பெயரில் 1987இல் அது விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று அறைகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு சுருதி. மூன்று சுருதியும் உரசிக்கொள்வதால் காதைக் கீறுகிற மாதிரி ஒரு துடிப்பு வரும். அசைகிற பாகமே இல்லை. தண்ணீரில் முக்கி எடுத்து ஊதினாலும் நீர் தெறித்துவிட்டு ஒலிக்கும். இன்று இதே வழியில் செய்த விசில்கள் பல பேரில் கிடைக்கின்றன. பிளாஸ்டிக்கில் இருப்பதே நல்லது; கடுங்குளிரில் உலோகம் உதட்டில் ஒட்டும்.

கப்பல்களில் வைக்கும் உயிர்காப்பு அங்கியில் கயிற்றால் கட்டிய விசில் இருந்தே ஆக வேண்டும் என்பது சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. வருடக்கணக்கில் யாரும் தொடாமல் தொங்கப்போகிற அங்கிக்கு விசிலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பராமரிப்பு அறவே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, துளையில் மணல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். என்னிடம் நிஜமாகவே கெட்டுப்போனது விசில் இல்லை, அதன் கயிறு. வெயிலில் நைந்து, பையைத் தூக்கும்போது அறுந்து விழுந்தது. முதுகுப்பையின் மார்புப் பட்டையில் கொக்கியோடு சேர்ந்து ஒரு சின்ன விசில் வரும் அல்லவா? இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். என் பையில் இருந்ததை முழு மூச்சில் ஊதினால்கூடப் பக்கத்தில் நடந்தவர் "என்ன?" என்று கேட்டார். அப்புறம், பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும்போது விசிலும் பையோடு நின்றுவிடும். அதனால் இப்போது இன்னொன்று கால்சட்டைப் பையில்.

நான் விசிலை அவசரத்துக்கு ஊதியது ஒரே ஒருமுறை, மலைச்சரிவில் மூடுபனி இறங்கிக் கூட்டத்தை விட்டுப் பிரிந்தபோது. மலையேறுபவர்களின் அபாய அறிவிப்பு நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று வரும். வட அமெரிக்காவில் உதவி கேட்பதே மூன்று ஊதல்தான் என்பதால் போகிற இடத்துக்கு ஏற்ப இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஒரு நிமிட இடைவெளி சும்மா இல்லை. பதில் காதில் விழுவதற்கு அதுதான் நேரம். இரண்டாவது சுற்றில் பதில் வந்தது. விடாமல் கத்துகிற அலாரமாக இருந்திருந்தால் அந்தப் பதிலை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஆனால் மனிதர் யாரும் என்னைத் தாக்கியதில்லை. என் தங்கை இதைத்தான் பிடித்துக்கொண்டாள். அதிகாலையில் தனியாக ஓடப் போகிறவள் அவள். "உனக்கென்னண்ணா, வழி தவறினா ஊதுவ. யாராவது பின்னாடியிருந்து வாயைப் பொத்தினா எதை வச்சு ஊதுறது?" பதில் இல்லை. விசிலுக்கு மூச்சு வேண்டும், வாய் வேண்டும். பயத்தில் தொண்டை அடைக்கும்போது இரண்டுமே கிடைக்காமல் போகலாம். அலாரம் அப்படி அல்ல. ஊசியை உருவித் தூர எறிந்துவிட்டு ஓடலாம், அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டம் பக்கத்திலேயே இருக்கிற இடத்தில், தனியாகப் போகிறவருக்கு, அவள் சொல்வதுதான் சரி என்றே நினைக்கிறேன். அவள் மாதம் முதல் தேதி அலாரத்தை ஒரு நொடி அலறவிட்டுப் பார்க்கிறாள். அந்தப் பழக்கம் இருப்பவருக்கு என் வாதமே செல்லாது.

சாமான் காவல் விஷயத்தில் நானும் அலாரத்தின் பக்கம்தான். புதிதாக வாங்கிய அலாரத்தின் ஊசியில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, கூடாரத்தின் வெளி அறையில் கிடக்கும் பைக்கும் கம்பத்துக்கும் நடுவே இழுத்துவிடுகிறேன். பையை யாராவது நகர்த்தினால் ஊசி உருவிக்கொள்ளும். திருடனைப் பிடிக்க இது உதவாது. தூக்கம் கலையும், அவ்வளவுதான். இதுவரை பிடித்தது ஒரு நாயையும், நடு இரவில் செருப்பைத் தேடிய என் நண்பரையும். கூட்டமாகத் தங்கும் இடங்களில் இதைச் செய்வதில்லை. இரண்டு முறை வீணாக அலறினால் மூன்றாவது முறை யாரும் எழுந்து வர மாட்டார்கள். பணம், கடவுச்சீட்டு, போன் மூன்றும் எந்தக் கருவியை நம்பியும் வெளியே இருப்பதில்லை, தூக்கப்பைக்குள் என் காலடியில்தான்.

அலாரத்தைப் பயணம் முடிந்ததும் திறந்து, பேட்டரியை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தனியாக வைக்கிறேன். போன முறை அந்தக் காகிதப் பொட்டலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். விசில் தோளில் இருந்தது.