காரைக்குடியில் ஒரு கதிரியக்கப் பாதுகாப்புப் பயிற்சி: என் மதிப்பீடு

அணுமின் நிலைய ஒப்பந்தப் பணிக்குச் செல்வோருக்காக ஒரு தனியார் நிறுவனம் காரைக்குடியில், பழைய செட்டிநாட்டு வீடொன்றின் வளவில், நடத்திய இரண்டு நாள் பயிற்சியில் கலந்துகொண்டேன்.

உடலில் கதிரியக்க மாசு ஒட்டிய நிகழ்வுகளை வகைப்படுத்தும் பகுதியே மிகச் சிறப்பாக இருந்தது. வெளியேறும் வாயிலில் கருவி ஒலித்ததும், மாசு தோலிலா, உடையிலா, மூச்சுவழி உள்ளே சென்றதா, பரவிக் கிடக்கிறதா, ஒற்றைத் துகளா என்று வரிசையாகப் பார்க்கப் பழக்கினார்கள். தோலுக்கான ஆண்டு வரம்பான 500 மில்லிசீவர்ட்டை (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) 1 சதுர சென்டிமீட்டர் பரப்புக்குக் கணக்கிடுவதால், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளையும் அலட்சியப்படுத்த முடியாது. காற்றில் இயற்கையாகவே இருக்கும் ரேடான் வாயு சிதைந்து உருவாகி, பாலியஸ்டர் சட்டையில் ஒட்டும் வழித்தோன்றல்கள் அரை மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். அணு உலையில் உருவாகும் கோபால்ட்-60 பாதியாக 5.27 ஆண்டுகள் ஆகும். இந்த வேறுபாடு தெரியாமல் பதிவேட்டில் எழுதினால் வகையே மாறிப்போகும்.

ஒளிரும் பொடியைக் கையுறையில் தடவி, அதைத் தவறாகக் கழற்றச் சொல்லி, புறஊதா விளக்கை அடித்தபோது என் மணிக்கட்டிலும் ஆத்தங்குடித் தரையிலும் பச்சைப் புள்ளிகள் மின்னின. சுடுநீரில் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரும் மென்சோப்பும் கொண்டு கழுவச் சொன்னார் பயிற்றுநர் ஐயா.

குறைகளும் உண்டு. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், அருகிலிருந்த பற்றவைப்பாளர் அண்ணனுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். உடலுக்குள் சென்ற மாசை அளக்கும் முழுவுடல் அளவீட்டை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மதியச் சாப்பாடு, செட்டிநாட்டுக்கு, சுமார்தான். கட்டணத்துக்கு முதல் நாள் ஒன்றே ஈடாகும்.