ஜோடிப் பல் வந்தாச்சு, இது வரலையே: விடுவதா, கீறுவதா, படம் எடுப்பதா?

மகனுக்கு எட்டே கால் வயது. மேல் முன்பற்கள் இரண்டில் வலப்பக்கத்துப் பல் வந்து எட்டு மாதம் ஆகிறது. இடப்பக்கம் வெறும் ஈறு. சிரித்தால் ஓட்டு வீட்டில் ஒரு ஓடு கழன்ற மாதிரி. கோபியில் அம்மா வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

"உனக்கும் லேட்டாத்தான் அம்மிணி மொளச்சுது, உடு" என்றார் அம்மா. தள்ளிவிடக்கூடிய பேச்சில்லை. மேல் நடுப்பற்கள் 7–8 வயதில் வரும் என்பது பொதுக்கணக்குதான். சில மாதம் முன்னே பின்னே ஆகும், பையன்களுக்குக் கொஞ்சம் பிந்தும், பரம்பரையும் உண்டு. ஆனால் பரம்பரை என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா பிந்தணும்? ஒன்று வந்து ஆறு மாதமாகியும் ஜோடி வரவில்லை, இல்லை நடுப்பல்லை முந்திக்கொண்டு பக்கத்துப் பல் வந்துவிட்டது என்றால், உள்ளே ஏதோ தடுக்கிறது. வயதைவிட இந்த ஜோடிக் கணக்கையே நான் நம்புவேன். (வாய் முழுக்கவே பிந்தினால் கதை வேறு, தைராய்டு, விட்டமின் டி என்று பார்க்கணும்.)

அடுத்தது நெல். ஒரு நெல்மணியை எடுத்து வந்து நுனியால் ஈறைக் கீறப் பார்த்தார் அம்மா. பால்பல் சீக்கிரமே விழுந்தால் அந்த இடத்து ஈறு தடித்துப்போகும், டாக்டரும் சிலசமயம் ஈறைக் கீறித்தான் விடுவார். ஆனால் அவர் மரத்துப்போக ஊசி போட்டு, பல் ஈறுக்கு அடியிலேயே நிற்கிறது என்று பார்த்த பிறகு கீறுவார். உமி முனையால் புண்தான் வரும்.

ஆக, எக்ஸ்ரே. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சின்னப் படம். கதிர்வீச்சு மிகக் குறைவு. நெல்லை வைத்துக் கீறப் போனோமே, படத்தில் நெல்மணி மாதிரியே கூம்பாக ஒரு உபரிப் பல், வரவேண்டிய பல்லுக்குக் குறுக்கே!

உபரியை எடுத்த பின்னும் இரண்டு வழி உண்டு. எடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்: செலவு குறைவு, வாயில் கம்பி இல்லை. ஆனால் ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். வராவிட்டால் மறுபடி அறுவை. அல்லது அதே நேரத்தில் பல்லில் ஒரு சின்னக் கொக்கியை ஒட்டிச் சங்கிலி கட்டி, மெதுவாக இழுக்கலாம்: பலன் உறுதி அதிகம், ஆனால் மாதக்கணக்கில் கம்பி, தினமும் துலக்க வைப்பதற்குள் நமக்குத்தான் பல் கொட்டிவிடும்.

பத்து வயதையொட்டி இந்தப் பல்லின் வேர் நுனி மூடிவிடும், அப்புறம் தானாக இறங்கி வரும் வேகம் குறையும். பையனுக்கு வேர் திறந்திருந்தது, இடமும் போதுமானதாக இருந்தது. முதல் வழியை எடுத்தோம். பத்து வயதாகி, பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்திருந்தால் சங்கிலிக்கே சரி என்றிருப்பேன்.

மூன்று மாதம் ஆச்சு. ஈறு லேசாக வெளுத்து மேடு தட்டியிருக்கிறது. வாராவாரம் வீடியோ காலில் அமுச்சிக்கு (என் அம்மாவுக்குத்தான்) வாயைத் திறந்து காட்டியாக வேண்டும்.