சுவரில் பைப் நுழைகிற ஓட்டை: சீமெந்தா, ஃபோமா, சிலிக்கனா?

போன மார்கழியில் எங்கள் மட்டக்களப்பு கல்லடி வீட்டுக் குசினியில், சிங்குக்குக் கீழே வைத்திருந்த அரிசி மூட்டையின் அடி ஊறிக் கட்டியாகிப் போனது. பைப்தான் ஒழுகுகிறது என்று ஆள் பிடித்து மூட்டுகளை மாற்றினேன். அடுத்த மழைக்கும் ஊறியது. திரும்பவும் ஆள், திரும்பவும் காசு. கடைசியில் மழை விட்ட ஒரு பகல் நானே ஹோஸை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மகளை உள்ளே டோர்ச்சோடு குந்தவைத்தேன். சுவரைக் கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டு வந்தேன். கழிவு பைப் வெளியே வருகிற ஓட்டையில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், "அம்மா, வருது!" என்று கத்தினாள். பைப்பில் ஒரு குறையும் இல்லை. பைப்பைச் சுற்றிச் சுண்டுவிரல் போகிற இடைவெளி. அதற்குள்ளால் தூவானம் வந்து மூட்டையை நனைத்திருக்கிறது.

குளிர் நாடுகளில் இந்த இடைவெளியை அடைப்பது வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்க. நமக்கு அந்தக் கவலை ஏசி போட்ட அறையில் மட்டும், அதுவும் தலைகீழாக. மற்றபடி மட்டக்களப்பில் ஓட்டையால் வருவது மாரியில் மழை, மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றில் தூசி, வருஷம் முழுக்க எறும்பும் கரப்பானும் மட்டத்தேளும். கச்சான் வீசுகிற பின்னேரம் சிங்குக்குக் கீழே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை நேரே மேலே போகாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கே வழி இருக்கிறது.

அடைக்கிறதுக்கு ஹாட்வெயாரில் போய்க் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். தங்கச்சியின் தம்பிலுவில் வீட்டு அனுபவமும் இருக்கிறது.

முதலில் சீமெந்து. நம்முடைய ஆட்களுக்கு ஓட்டை என்றால் சீமெந்துதான். மலிவு, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, எலி கடிக்காது, மேலே பெயின்ட் அடிக்கலாம். ஆனால் ஆறேழு மாதத்தில் பைப்பைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் வெடிக்கும். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பிவிசி வழுவழுப்பானது, சீமெந்து அதில் ஒட்டுவதில்லை, சும்மா சுற்றி நிற்கிறது. மற்றது, வெயில் பட்டால் பிவிசி நீளும். 3 மீற்றர் பைப்பில் 30 பாகை சூடு ஏறினால் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீளும். சீமெந்து அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் நீளும். வெயில் படுகிற சுவரில் பகல் முழுக்க பைப் தள்ளும், இரவில் இழுக்கும். கலவை என்ன செய்யும், பாவம்.

இதற்கு எங்கள் மேசன் ஒரு வேலை காட்டினார். பைப் சுவருக்குள் இருக்கப்போகிற அளவுக்கு அரத்தாள் போட்டுத் தேய்த்தார். அதில் பைப் ஒட்டுகிற பசையைத் தடவி, ஈரம் காயமுதல் அரித்த காய்ந்த மணலைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் பைப் அரத்தாள் மாதிரியே சொரசொரப்பாகிவிட்டது. "சீமெந்து பைப்பைப் பிடிக்காது புள்ள, மணலைத்தான் பிடிக்கும்" என்றார். பிறகு ஓட்டையை நல்லா நனைத்து, ஒன்றுக்கு மூன்று கலவையை இறுக்கி அடைத்து, மூன்று நாள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். கடல் மண் வேண்டாம் என்றும் சொன்னார். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, சுவரை எப்போதும் நமுத்தபடியே வைத்திருக்குமாம். இந்த மணல் வேலை புதுப் பைப் போடும்போதுதான் முடியும். ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிற பைப்புக்கு அது கனவு.

அடுத்தது ஃபோம் ஸ்பிரே. இப்போது எல்லாரும் இதற்குத்தான் ஓடுகிறார்கள். டின்னைக் குலுக்கி அமத்தினால் நுரை வந்து, ஊதிப் பெருத்து, இறுகிவிடும். ஐந்து நிமிட வேலை. அதுதான் அதன் நல்ல குணம், அதுதான் கெட்ட குணமும். ஓட்டையில் பாதிதான் நிரப்பவேணும், மிச்சத்தை அதுவே நிரப்பும். இதை அறியாமல் நான் முழுக்க நிரப்பி, மறுநாள் சுவரில் பலாப்பழம் காய்த்தது போல நின்றதைக் கத்தியால் சீவினேன். கையுறை போடாமல் செய்யாதீர்கள். கையில் பட்டது தோல் உரிந்துதான் போகும்.

அதை விடப் பெரிய பிரச்சினை சுவர். எங்கள் வீட்டின் முன்பகுதி 1978 சூறாவளிக்குப் பிறகு அப்பா கட்டியது, 9 அங்குலச் செங்கல் சுவர். பின்பகுதி சுனாமிக்குப் பிறகு எழுப்பியது, நடுவில் ஓட்டை உள்ள சீமெந்துக் கல். செங்கல் சுவரில் ஃபோம் அடித்த இடத்தில் நிற்கும். ஓட்டைக் கல்லில் அடித்தால் கல்லின் வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒரு முழு டின் போயும் ஓட்டை ஓட்டையாகவே கிடந்தது. முதலில் பழைய சீலையையோ ஸ்பொஞ்சையோ உள்ளே தள்ளி அணை கட்டிவிட்டுத்தான் அடிக்கவேணும். வெளிப்பக்கம் அப்படியே விட்டால் வெயிலில் மஞ்சளாகி, பிறகு கையால் தொட மாவாகக் கொட்டும்.

தங்கச்சி வீட்டில் வேறு கதை. பின்னால் வயல். பெரும்போக வெட்டு முடிந்ததும் எலிகள் ஊருக்குள் குடியேறும். குளியலறை பைப்பைச் சுற்றி அடித்த ஃபோமை ஒரே இரவில் குடைந்து வழி எடுத்துவிட்டன. சுண்டெலிக்குப் பென்சில் தடிப்பு இடைவெளி காணும், அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் கொண்டாட்டம். சட்டி தேய்க்கிற ஸ்டீல் சுருளை ஓட்டைக்குள் திணித்து, அதற்கு மேல் அடைத்தால் கடிக்காது. சுருள் துருப்பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்கவேணும். மெல்லிய இரும்புப் பஞ்சு நம்முடைய உப்புக் காற்றில் ஒரு மாரி தாங்காது, சுவரில் செம்மண் கோடு வழியும்.

மூன்றாவது சிலிக்கன். பைப் நீள நீளும், சுருங்கச் சுருங்கும், வெயிலுக்கு அசையாது. ஆனால் சிலிக்கன் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. நான் முதலில் வாங்கியது அடிக்கும்போது வினாகிரி மணந்தது. கண்ணாடிக்கும் தரையோட்டுக்கும் அது சரி. சீமெந்தில் அந்த அமிலம் சரியாகப் பிடிக்காது, ஏசியின் செம்புப் பைப்பை அரிக்கவும் செய்யும். ஒரு வருஷத்துக்குள் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

சிலிக்கன் பெரிய ஓட்டையை நிரப்புகிற சாமான் இல்லை. ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீற்றர்தான் உள்ளே இறுகும். ஒரு அங்குலத் தடிப்பில் அப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே கூழாகவே கிடக்கும். ஈரச் சுவரில் ஒட்டவே ஒட்டாது. ஆகவே ஒழுகுகிற மார்கழியில் டியூபோடு நிற்பது வீண், ஆனி ஆடி வெயிலில் செய்யவேணும். அப்போதும் மத்தியானம் வேண்டாம், விரலால் இழுத்து ஒழுங்காக்குமுன் தோல் கட்டிவிடும்.

ஏசி பொருத்துகிறவர்கள் உருட்டி வைத்துவிட்டுப் போகிற வெள்ளைப் பசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது இறுகாது, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், அதற்காகத்தான் வைக்கிறார்கள். வெளிப்பக்கம் வெயில் படுகிற இடத்தில் காய்ந்து வெடித்து விழும். பிசைந்து வைக்கிற எபொக்ஸி கல்லாக இறுகும். ஒழுகுகிற இரும்புப் பைப்புக்கு நல்லது, அசைகிற பிவிசிக்குச் சீமெந்துக்கு வந்த வெடிப்புத்தான் அதற்கும்.

நான் இப்போது விலையைப் பார்ப்பதில்லை, அந்தச் சுவர் எந்தக் காற்றுக்கு முகம் கொடுக்கிறது என்று பார்க்கிறேன். வாடையும் கொண்டலும் அடிக்கிற வடக்கு, கிழக்குச் சுவரில் எதிரி தண்ணீர். அங்கே ஓட்டையைச் சீமெந்தால் அடைத்து, வெளிப்பக்கம் பைப்பைச் சுற்றி விரல் நுனி ஆழத்துக்கு ஒரு காடி விட்டு, கலவை நன்றாகக் காய்ந்த பிறகு அந்தக் காடியில் நியூட்ரல் சிலிக்கன். பைப் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்து இருக்கவேணும். உள்பக்கம் சரிந்திருந்தால் எதைப் பூசியும் பயனில்லை, தண்ணீர் பைப்பின் முதுகில் ஏறி வந்துவிடும். கச்சான் படுகிற மேற்குச் சுவரில் தண்ணீர் குறைவு, சூடும் அசைவும்தான் கூட. அங்கே நடுவில் ஃபோம், வெளியே சிலிக்கன் என்றால் போதும், எலித் தொல்லை இல்லாவிட்டால். ஃபோமை மட்டும் அடித்துவிட்டு வெளிப்பக்கத்தை மூடாமல் விடுவதை நான் எந்தச் சுவருக்கும் சொல்லமாட்டேன். சமைக்கிற புகைக் குழாய் பக்கத்தில் ஃபோமே வேண்டாம், அது நெருப்புப் பிடிக்கும்.

ஓட்டை தெரியாமல் பைப்பைச் சுற்றி மூடி வளையம் போடுகிறவர்கள் அதைச் சுற்றிவர சிலிக்கன் பூசுகிறார்கள். மேல்பக்கமும் இரண்டு ஓரமும் மட்டும் பூசி, கீழே கொஞ்சம் திறந்து விடுங்கள். எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியே வர ஒரு வழி வேணும்.

தங்கச்சி சித்திரை வருஷப்பிறப்புக்கு முன் வீடு முழுக்க பெயின்ட் அடிக்கப் போகிறாளாம். சிலிக்கனில் பெயின்ட் நிற்காது, வழுகி வழுகித் திட்டாகத்தான் தெரியும். "அப்ப என்னக்கா செய்ய, ஓட்டைய அப்படியே விடவா?" என்று நேற்றுக் கேட்டாள். பெயின்ட் பிடிக்கிற பாலியூரித்தேன் டியூப் இருக்கிறது, விலை கூட. அக்கரைப்பற்றுக்குப் போனால் அதில் இரண்டும் ஸ்டீல் சுருள் நாலும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஃபோம் டின் எடுக்க வேண்டாம், என்னிடம் பாதி இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. போய்ப் பார்த்தால் டின்னின் வாய் கல்லாக இறுகிக் கிடக்கிறது.