ரவுட்டரிலேயே விபிஎன்: மண்டபத்துக் கருவாட்டு அலுவலகத்தில் மூன்று மாதம்

ஒரு கணினி, ஆறு போன், ஒரு சிசிடிவி. ஒவ்வொன்றிலும் விபிஎன் (நெட்டில் போகும் தகவலைப் பூட்டி, வேறொரு சர்வர் வழியே அனுப்பும் சேவை) ஆப் போட்டு மாளாது, கேமராவில் போடவும் வழியில்லை. அதனால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டருக்கான லினக்ஸ் மென்பொருள் ஓடும் ரவுட்டர் ஒன்று வாங்கி, சந்தா கட்டிய விபிஎன்னை அதிலேயே இணைத்துவிட்டேன்.

முதலில் ஓப்பன்விபிஎன் என்ற பழைய இணைப்பு முறை. 100 எம்பி லைனில் 14தான் வந்தது. அதற்குச் சேவையைத் திட்டிப் பயனில்லை, சின்ன ரவுட்டரின் பிராசசர் ஒவ்வொரு பாக்கெட்டையும் பூட்டித் திறந்தே களைத்துப்போகிறது. வயர்கார்டு என்ற புதிய முறைக்கு மாற்றினேன், அதே பெட்டியில் 70ஐத் தாண்டியது. 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே (5.6 பதிப்பு) சேர்ந்த சரக்கு, எடை குறைவு.

அப்புறம் தொடங்கியது தலைவலி. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் உத்தரவு போட்டதும் பல நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களைத் தூக்கிவிட்டன. அதனால் நான் சிங்கப்பூர் சர்வர் வழியே போனதால் வங்கித் தளம் உள்ளேயே விடவில்லை. கணக்குப் பார்க்கும் கணினியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே போக வைத்தபின்தான் சம்பளம் போட முடிந்தது.

பெரிய கோபம் வேறு. காற்றடித்துக் கரண்ட் போய் வந்த ஒரு நாள், டனல், அதாவது விபிஎன் இணைப்பு, எழும்பவே இல்லை, நெட் மட்டும் பாதுகாப்பில்லாமல் ஜோராக ஓடியது. இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். விபிஎன் அறுந்தால் நெட்டையே நிறுத்தும் கில் ஸ்விட்ச்சை நாமாகப் போட வேண்டுமாம், சந்தா வாங்கும்போது சொன்னால் என்ன?

ஐந்துக்கு மூன்று. போலி லிங்க்கைத் தட்டுகிற எங்கள் கணக்குப்பிள்ளையை எந்த விபிஎன்னும் காப்பாற்றாது, அது தனிக் கதை.